சோக்கை மாற்றிப் பார்

திண்டுக்கல்
12.1.2009

பிரியமுள்ள தங்கச்சி சிஸ்டர் பிரிஸ்கில்லாவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. நானும் ரூபியும் பிள்ளை பெனிட்டாவும் சுகம். ஜார்க்கண்ட் குளிரில் நீயும் உங்கள் மடத்துச் சகோதரிகளும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். உன்னை ‘சிஸ்டர்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் சைக்கிள் கேரியரில் தூங்கி விழுந்த கழுதைக்கு இம்புட்டு மரியாதையா!

இங்கே எனக்கு இரண்டு தொல்லை. முதலாவது, முன்ரூம் ட்யூப்லைட். சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் வெட்டி வெட்டி மின்னுகிறது. ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். உங்கள் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன் கிடையாது, எல்லாம் நீயேதான் பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாயே, என்ன செய்யலாம் என்று சொல்.

இரண்டாவது, நாலுவழிச் சாலை. போன வாரம் இருந்த திருப்பம் இந்த வாரம் இல்லை. மண்ணைக் கொட்டி மூடிவிட்டு அரை மைல் தள்ளி வெட்டியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாய் இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் நான், பயணிகள் முன்னால் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உங்கள் ஆம்புலன்ஸ் ஜீப்பில் வழி சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறதாமே. என் சுமோவுக்கு அப்படி ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறேன். சாதாரணமாய் இருந்தால் போதும். தவக்காலம் வருவதற்குள் வேண்டும். வேளாங்கண்ணி டிரிப் இப்போதே ஆறு சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மலைக்கு என்றைக்குத்தான் ஃபோன் டவர் வருமோ. பதில் எழுது.

உன் அண்ணன்
கிறிஸ்துராஜ்

26.1.2009

கிறிஸ்துவில் அன்பான அண்ணனுக்கு,

சமாதானமும் ஆசீரும் உண்டாகுக. மதினிக்கும் பெனிட்டாவுக்கும் என் அன்பு. கழுதை நலம். கழுதை இப்போது முப்பது கட்டில் ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸ், ஞாபகம் இருக்கட்டும்.

ட்யூப்லைட் மின்னினால் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்டார்ட்டர்தான். ஸ்விட்சை அணைத்துவிட்டு, ட்யூப் மாட்டியிருக்கும் பட்டியின் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைக் குப்பியைக் கால் சுற்றுத் திருகினால் கையோடு வரும். புதிதைச் செருகித் திருப்பித் திருகு. அப்படியும் மின்னினால் ட்யூபின் இரண்டு முனையையும் பார். கறுத்திருந்தால் ட்யூபுக்கு வயதாகிவிட்டது. நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறாதே.

பெட்டி விஷயம். எங்களுக்கு ஒரு ஜெர்மன்காரர் கொடுத்தது பாட்டுப் பாடும், படம் காட்டும், வழியை மட்டும் யோசித்து யோசித்துத்தான் சொல்லும். அந்த மாதிரி வாங்காதே. எழுத்து பெரிதாய் இருக்கிறதா, குரல் சத்தமாய் வருகிறதா, இந்தியா மேப் உள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் பார். கடையிலேயே அகரம், கீரனூர் என்று அடித்துப் பார். சின்ன ஊர் தெரியாத பெட்டி உனக்கு உதவாது. வெயிலில் வண்டியின் முன்கண்ணாடியை விட்டுக் கழன்று விழாத ஒட்டுப்பிடி வேண்டும். அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இறைவன் காப்பாராக.

அன்புத் தங்கை
பிரிஸ்கில்லா

திண்டுக்கல்
8.2.2009

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

மாதா துணை. எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றே ஸ்டார்ட்டரை மாற்றினேன். ரூபி கைதட்டினாள். “சரியாப்போச்சுங்க, குத்துக்கல்லு மாதிரி நிக்கிது வெளிச்சம்” என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு இன்னும் மின்னுகிறது. முன்னைப்போல் இல்லை, ஓரமாய், சட்டென்று ஒரு வெட்டு. கிதர் முகம்மதுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏணியில் ஏறிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, லைட்டு தங்கமா எரியுது” என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். இந்தக் காலத்து எலக்ட்ரீஷியனுக்குப் பொறுமை கிடையாது.

நிலக்கோட்டை ரோட்டில் பூ ஏற்றி வந்த மினி லாரிக்காரன் என் வண்டியின் வலது பக்கக் கண்ணாடியைத் தட்டிப் பறக்கவிட்டுப் போய்விட்டான். ஆரன் கூட அடிக்கவில்லை. இப்போதெல்லாம் எவனும் ஆரன் அடிப்பதில்லை. திடீர் திடீரென்று பக்கத்தில் முளைக்கிறார்கள்.

பெட்டி பற்றி இன்னொரு சந்தேகம். திரையைப் பார்க்காமலே, அது பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்ட முடியுமா? போர்டு எதையும் படிக்கத் தேவையில்லாமல்? சீக்கிரம் எழுது.

அண்ணன்
கிறிஸ்துராஜ்

24.2.2009

அன்பான அண்ணனுக்கு,

இயேசுவின் ஆசீர். நாளை சாம்பல் புதன். இங்கே ஆறு கிராமத்தில் வாந்திபேதி. மூன்று நாளாய்ச் செருப்பைக் கழற்றவில்லை, அதனால் சுருக்கமாய் எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் இல்லையென்றால், பட்டிக்குள் இருக்கும் சோக்கை மாற்றிப் பார். பழைய சோக் உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும், சிலருக்கு மட்டும் அது கண்ணில் படும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் கூடுதலாய்ப் படும்.

பெட்டி பேசுவதைக் கேட்டு ஓட்டலாம். எங்கள் டிரைவர் அப்படித்தான் ஓட்டுகிறார்.

நாளை முகாமுக்குப் போகிறேன், எப்போது திரும்புவேனோ தெரியாது. எங்களுக்காக மன்றாடு.

பிரிஸ்கில்லா

திண்டுக்கல்
10.3.2009

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

தவக்கால வாழ்த்து. பேதி நின்றதா? நீ தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறாயா? ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்களைப் பார்ப்பதில்லை.

சோக்கை மாற்றியாச்சு. புது ட்யூபும் போட்டாச்சு. பட்டியையே மாற்றிவிடலாமா என்று இருக்கிறேன்.

மதுரைக்குப் போய்ப் பெட்டி வாங்கிவிட்டேன். ஒரு அம்மா இங்கிலீஷில் பேசுகிறாள். கடையில் அகரம் சொன்னாள், கீரனூரும் சொன்னாள், எனக்கு ஏகச் சந்தோஷம். பழனிப் பக்கத்துக் கீரனூருக்கு ஒரு பெண் பார்க்கும் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அவள் என்னைத் திருச்சி ரோட்டில் திருப்புகிறாள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கீரனூர் இருக்கிறதாம், அவளுக்கு அதுதான் தெரியுமாம். மாப்பிள்ளையின் மாமன், “ஏனுங்க, பொண்ணை மாத்திப்போட்டீங்களா?” என்று கேட்டார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வேளாங்கண்ணிக்கு நன்றாய்ச் சொன்னாள். ஒரு போர்டு பார்க்காமல் போய் வந்தேன்.

ஸ்டாண்டில் என்னோடு பொம்மையன் என்று ஒரு டிரைவர் இருக்கிறான். அவனுக்குக் கண் முன்னால் கொசு பறப்பதுபோல் இருக்கிறதாம். ஒரு ஓரத்தில் மட்டும் நிழல் விழுந்த மாதிரி. உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான். அவசரம் ஒன்றும் இல்லை.

அண்ணன்
கிறிஸ்துராஜ்

திண்டுக்கல்
19.3.2009, புனித சூசையப்பர் திருநாள்

அன்பான சிஸ்டருக்கு,

ரூபி எழுதிக்கொள்வது. சேசு மரி சூசை துணை. உங்கள் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டியவள், நேராய் என் கவலைக்கு வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்களிடம் லைட் மின்னுகிறது என்று எழுதியிருப்பார். சிஸ்டர், ஸ்டார்ட்டர் மாற்றிய நாளிலிருந்து அது மின்னவில்லை. நானும் பெனிட்டாவும் வெறித்து வெறித்துப் பார்த்துவிட்டோம். போன வாரம் காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்புறம் மற்றக் கண்ணை. “என்னங்க பண்றீங்க?” என்றேன். “தேதி பாக்கக்கூட ஒங்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா?” என்று சத்தம் போட்டார். என்னிடம் சத்தம் போடுகிற மனுஷன் இல்லை அவர், உங்களுக்கே தெரியும். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார், எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். வண்டியில் வலது பக்கம் பூராவும் கீறல். கேட்டால் ஒரு தடவை மினி லாரி, ஒரு தடவை மாடு, ஒரு தடவை நாலுவழிச் சாலைக்காரன் போட்ட தகரம்.

நேற்றுத் துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண். வேளாங்கண்ணியில் காணிக்கை போடுவார்களே, அதுதான். “பயணி யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி, குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நம் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகள் ஒன்பது பேரை வேளாங்கண்ணிக்கு ஏற்றிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார். பெனிட்டாவும் அதில் இருக்கிறாள். உங்கள் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார். ஏதாவது எழுதுங்கள்.

உங்கள்
ரூபி

1.4.2009

அண்ணா,

இன்று மத்தியானம்தான் முகாமிலிருந்து திரும்பினேன். உன் கடிதமும் மதினி கடிதமும் மேசையில் ஒன்றாய்க் கிடந்தன. உன்னுடையது எத்தனை நாளாய்க் கிடந்ததோ.

பொம்மையனுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து கழன்று வருகிறது, ஈரச் சுவரில் ஒட்டிய தாள் கழன்று வருவதுபோல. உன்னைப்போல் பள்ளிக்கூடத்திலிருந்தே தடிக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது வரும். முதலில் மின்னும், பிறகு கொசு பறக்கும், பிறகு நிழல் விழும். நீ எல்லாவற்றையும் வரிசையாய் எனக்கு எழுதியிருக்கிறாய். இது நாள் கணக்கில் பார்க்க வேண்டிய வியாதி, மாதக் கணக்கில் அல்ல.

வண்டியைத் தொடாதே. ஸ்டாண்டுக்குக்கூட ஓட்டாதே. இன்றைக்கே மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ, பஸ்ஸில் போ, தலையை ஆட்டாமல் உட்கார்ந்து போ. அந்தப் பிள்ளைகளை ஏற்றாதே. அண்ணா, உன் காலில் விழுகிறேன், ஏற்றாதே.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஜீப்பில் கீழே இறங்கி டவுனுக்குப் போய் ஃபோன் போடுகிறேன். மாதாவே, லைன் கிடைக்க வேண்டும்.

பிரிஸ்கி

மதுரை
9.4.2009, பெரிய வியாழன்

அன்பான சிஸ்டருக்கு,

ஆண்டவர் நம்மைக் கைவிடவில்லை. அவருக்கு ஆப்பரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருக்கிறது. குப்புறவே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் சும்மா படுப்பதில்லை, நர்ஸ்களோடு ஒரே வம்பு. பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வியாழக்கிழமை உங்கள் ஃபோன் வந்தபோது எடுத்தவர் அவர். நான் கொல்லையில் இருந்தேன். யார் என்று கேட்டதற்கு, “தங்கச்சிதான், ஈஸ்டர் வாழ்த்து சொன்னா, லைன் கட்டாயிருச்சு” என்றார். அதற்குப் பிறகு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தாரோ என்னவோ, ஃபோன் அடிக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை சிஸ்டர்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டியைக் கழுவினார். பெனிட்டாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். போய்ச் சேரும்போது பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பாட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கீழே இறங்கி நிற்கிறார். வண்டிச் சாவி பொம்மையன் கையில்.

பெனிட்டா சொன்னாள், “அம்மா, அப்பா ஸ்டியரிங்கில ஒக்காந்துட்டு பேர் பேரா கூப்ட்டாங்க. எம் பேரை நாலு தடவ கூப்ட்டாங்க. நான் அவுக ஜன்னல் பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தேன். இங்கதாம்ப்பா இருக்கேன்னு தோளைத் தொட்டேன். அப்பா பயந்துட்டாங்க.” அப்புறம் இறங்கி, பொம்மையனுக்கு ஆள் விட்டு வரச்சொல்லியிருக்கிறார்.

அவரிடம் கேட்டேன். “ஏத்தா, எதுக்கு அழுகிற? பிரிஸ்கி ஃபோன்ல வண்டி எடுக்காதன்னு சொல்லிட்டா. சாவியக் குடுக்கத்தான் கோயிலுக்கே வந்தேன். ஒங்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல” என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. உங்கள் பேச்சைக் கேட்டார் பாருங்கள். அங்கேயே பஸ் ஏறி மதுரைக்கு வந்துவிட்டோம்.

வலது கண் இனிமேல் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியுமாம், ரொம்ப நாளாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இடது கண்ணிலும் ஒரு ஓட்டை விழத் தொடங்கியிருந்ததாம், அதை லேசரில் அடைத்துவிட்டார்கள். அது தப்பித்தது. வேளாங்கண்ணிக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாய் வந்து சேர்ந்தார்கள்.

உங்கள்
ரூபி

22.4.2009

கிறிஸ்துவில் அன்பான அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். கட்டு அவிழ்த்தார்களா? சொட்டு மருந்தை மணி தவறாமல் விடு. குனிந்து எதையும் தூக்காதே.

மூன்று தடவை இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். நான் பத்தொன்பது வருஷமாய் நர்ஸ். இந்த மலையில் ஒரு கிழவர் கண்ணில் மின்னல் அடிக்கிறது என்று வந்தால், ஜீப்பில் ஏற்றி ராஞ்சிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். என் கூடப் பிறந்தவன் எழுதுகிறான், மற்றவர்களுக்குத் தெரியவில்லை எனக்கு மட்டும் மின்னுகிறது என்று. நான் சோக்கை மாற்றிப் பார் என்று பதில் எழுதுகிறேன். உனக்கு எல்லாம் கூடுதலாய்ப் படும் என்று கேலி வேறு.

ஆறு வாரம் அண்ணா. உன் பிப்ரவரிக் கடிதத்தை நான் ஒழுங்காய்ப் படித்திருந்தால் அந்தக் கண் உனக்கு இருந்திருக்கும். வேலை, பேதி, தூக்கமில்லை என்று காரணம் சொல்லலாம். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் முழந்தாளிட்டால் உன் கடிதம்தான் எதிரில் நிற்கிறது. என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. நீயே எழுத வேண்டும், மதினியிடம் சொல்லி எழுதாதே.

பிரிஸ்கி

திண்டுக்கல்
24.5.2009

பிரியமுள்ள பிரிஸ்கிக்கு,

இயேசுவுக்கே புகழ். வரி கோணியிருந்தால் சிரிக்காதே. பெனிட்டா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தாள், அப்படியும் மேலே ஏறுகிறது. நான் சுகம். சுமோவைப் பொம்மையன் ஓட்டுகிறான். நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிரிப் எழுதுகிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார முடிவதில்லை, கால் தானாய்க் கிளட்சைத் தேடுகிறது. வலது பக்கமாய் என்னிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள்.

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாய்ப் பதில் எழுதவில்லை. கண் வலி என்று ரூபி நினைத்துக்கொண்டிருக்கிறாள். கண் வலி இல்லை.

நீ அழுகிறதை நிறுத்து. உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜெபமாலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வலது ஓரத்தில் மின்னியது. மூடின கண்ணுக்குள் ட்யூப்லைட் ஏது பிரிஸ்கி? எனக்கு அன்றைக்கே தெரியும். டாக்டரிடம் போனால் பதில் சொல்லிவிடுவான். கண் போனால் ஸ்டியரிங் போய்விடும், ஸ்டியரிங் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதனால் உன்னிடம் லைட்டைப் பற்றிக் கேட்டேன். நீயும் லைட்டைப் பற்றியே சொன்னாய். ‘சோக்கை மாற்றிப் பார்’ என்ற உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நர்ஸே சொல்லிவிட்டாள், லைட்தான் என்று. நீ மட்டும் சரியாய்க் கண்டுபிடித்து எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த கடிதத்தில் மழையைப் பற்றி எழுதியிருப்பேன். ஆகவே மன்னிப்பு என்ற பேச்சே வேண்டாம். அது உன் பக்கம் இல்லை.

இன்னொன்று இருக்கிறது. ரூபி உனக்கு எழுதியிருப்பாள், நான் சாவியைக் கொடுக்கத்தான் கோயிலுக்குப் போனேன் என்று. இல்லை. உன் ஃபோனை வைத்த பிறகு ரிசீவரை எடுத்துக் கீழே போட்டவன் நான்தான். காலையில் வண்டியைக் கழுவினவனும், டீசல் போட்டவனும், பெட்டியில் வேளாங்கண்ணி என்று அடித்தவனும் நான்தான். ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டத்தான் போனேன். பெனிட்டா அன்றைக்கு என் வலது பக்கம் நின்றதால் இறங்கினேன். இடது பக்கம் நின்றிருந்தால் வண்டியை எடுத்திருப்பேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மன்னித்துவிட்டார். ரூபியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் உன் பேச்சைக் கேட்டேன் என்று தெருவெல்லாம் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
கிறிஸ்துராஜ்